ஒரே வீராங்கனை இரண்டு குழாங்களிலும் ஆடலாமா? 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தை முன்வைத்து ஒரு கேள்வி

கனகராயன் (மாங்குளம்)

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். 2022 ஆம் ஆண்டிலிருந்து 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு போட்டி இந்தியாவில், புவனேசுவரிலும் கோவாவிலும் நவி மும்பையிலும் நடந்தபடியால் நேர வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் மின்வெட்டு இருந்தது. இறுதியாட்டத்தன்று என்னுடைய தொலைபேசியைச் சைக்கிள் கூடைக்குள் நிமிர்த்தி வைத்து, பதினான்கு பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். சார்ஜ் போய்விடும் என்ற பயத்தில் இடைவேளை நேரத்தில் அதை அணைத்து வைத்தோம்.

அன்றைக்குத் தொடங்கிய விவாதம் ஒன்று இன்னமும் முடியவில்லை. கொலம்பியாவின் லின்டா கைசெடோ அந்த ஆண்டு யூலையில் தேசிய மகளிர் அணிக்காகத் தென்னமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா கிண்ணத்தில் ஆடி, அதன் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானார். ஓகஸ்ட்டில் கொஸ்தாரிக்காவில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஆடினார். ஒக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட அணியுடன் இந்தியாவுக்கும் வந்தார். நான்கு மாதங்களுக்குள் மூன்று பெரிய சுற்றுப்போட்டிகள் என்பது பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தகுமா என்பது ஒரு கேள்வி. தேசிய அணியில் ஏற்கனவே நிலைபெற்ற ஒருவர் இளையோர் குழாத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த இடத்துக்கு வரக்கூடிய இன்னொரு பிள்ளையின் வாய்ப்பு என்னாவது என்பது மற்றக் கேள்வி.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வருகிற சனி, ஞாயிறு இரு நாள்களிலும் மாவட்டத்தில் ஒரு சுற்றுப்போட்டி. 16 வயதுப் பிரிவுக்கும் 20 வயதுப் பிரிவுக்கும் நாங்கள் அணி கொடுத்திருக்கிறோம். ஒரு பிரிவில் ஆடுபவர் மற்றதிலும் ஆடலாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் பதினைந்து வயதில் ஒரு முன்கள வீராங்கனை இருக்கிறாள். 2022 இல் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தவள், இன்றைக்கு 20 வயதுப் பிரிவில் எங்களுடைய முதல் தெரிவு. அவளை 16 இலும் இறக்கினால் அந்தக் கிண்ணமும் எங்களுக்கு வரக்கூடும். இறக்கலாமா?

முத்தையன்கட்டு (புதுக்குடியிருப்பு)

வணக்கம் அண்ணா. நான் ஒரு காலத்தில் கோல் காப்பாளராக நின்றவள் என்பதால், பந்து வலைக்குள் போவதைப் பின்னால் நின்று எண்ணியவர்களின் பக்கமிருந்து பேசுகிறேன். இறக்குங்கள்.

கைசெடோ வந்தபடியால் இன்னொரு பிள்ளையின் இடம் போனது உண்மைதான். ஆனால் அவர் வந்ததால் மிகுதி இருபது பேருக்கும் கிடைத்தது என்ன என்பதையும் பாருங்கள். கொலம்பியாவின் ஆண்கள் அணியோ பெண்கள் அணியோ அதற்கு முன்னர் எந்த வயதுப் பிரிவிலும் உலகக் கிண்ண இறுதியாட்டம் கண்டதில்லை. அந்தப் பிள்ளைகள் அரையிறுதியில் நைஜீரியாவைச் சமநிலைத் தவிர்ப்பு உதையில் வென்று இறுதிக்குப் போனார்கள். குழாத்தில் ஒருவர் மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது, முதற்சுற்றோடு வீடு திரும்பியிருக்க வேண்டியவர்களுக்கு இன்னும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கின்றன. அதுவும் காலிறுதி, அரையிறுதி, இறுதி. இதைவிடப் பெரிய பயிற்சியை எந்த முகாமிலும் கொடுக்க முடியாது.

மறுபக்கத்துக்கு, போட்டியை நடத்திய இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிடம் எட்டு, மொரோக்கோவிடம் மூன்று, பிறேசிலிடம் ஐந்து என்று மூன்று ஆட்டங்களில் 16 கோல்கள் வாங்கினார்கள்; ஒன்றுகூடப் போடவில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜார்க்கண்டின் கிராமத்து வெட்டைகளில் பழகி வந்தவர்கள் அந்தக் குழாத்தில் இருந்தார்கள். அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மூச்சு விட நேரம் வாங்கித் தரக்கூடிய ஒருத்தி முன்னால் இல்லாவிட்டால், பின்களத்தில் நிற்பவர்கள் தொண்ணூறு நிமிடமும் பந்தைத் துரத்துவதைத் தவிர வேறொன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் ஒருமுறை ஒன்பது கோல் வாங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் அணியில் நான்கு பேர் விளையாட்டையே விட்டுவிட்டார்கள்.

பாலியாறு (கிளிநொச்சி)

தங்கை முத்தையன்கட்டு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஒரு தாயாக இதை வேறு மாதிரித்தான் பார்க்கிறேன்.

கைசெடோ ஆடிய மூன்று சுற்றுப்போட்டிகளில் முதல் இரண்டுக்கும் இடையில் பத்து நாளளவும், மூன்றாவதற்கு முன்னர் வாரக்கணக்கிலும் இடைவெளி இருந்தது. உடன் வைத்தியர் இருந்தார், உடற்பிடிப்பாளர் இருந்தார், வேளைக்கு உணவு இருந்தது. உங்கள் பிள்ளைக்கு இருப்பது இரண்டு நாள். சனிக்கிழமை காலையில் ஐந்து மணிக்கு எழும்பி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே மைதானத்துக்கு வந்து, வெய்யிலில் கிரவல் தரையில் ஆடிவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் மற்ற அணியின் மேற்சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பவும் இறங்குவாள். அவள் போட்டிருக்கும் சப்பாத்து அவளுடையதுதானா, அல்லது அடுத்த ஆட்டத்துக்கு யாரிடமாவது கழற்றிக் கொடுக்க வேண்டியதா? என்னுடைய மகள் இரண்டு ஆண்டுகள் ஒரு அளவு பெரிய சப்பாத்துக்குள் துணி அடைத்து வைத்து ஆடியவள். இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுகிற ஆபத்து ஆண்பிள்ளைகளை விடக் கூடுதல் என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். களைத்த காலோடு திடீரென்று திரும்பும்போதும், பாய்ந்து தரை இறங்கும்போதும்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. இங்கே ஒரு முழங்கால் போய்விட்டால் சத்திரசிகிச்சைக்கு எங்கே அலைய வேண்டும், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமென்றில்லை.

இன்னொன்று. 2022 இல் ஸ்பெயின் 20 வயதுக்குட்பட்ட கிண்ணத்தையும் 17 வயதுக்குட்பட்ட கிண்ணத்தையும் வென்றது. ஓகஸ்ட் இறுதியாட்டத்தில் யப்பானுக்கு எதிராக இரண்டு கோல் போட்ட சல்மா பரயுவேலோவும், ஒக்டோபரில் போட்டியின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து வாங்கிய விக்கி லோபஸும் வெவ்வேறு குழாங்களில் ஆடியவர்கள். ஒரே பிள்ளையின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றாமல் இரண்டு கிண்ணங்களை வெல்லலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்பெயினிடம் ஆளணி நிறைய இருக்கிறது, எங்களிடம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அந்த ஆளணியை உருவாக்குகிற இடம் 16 வயதுப் பிரிவு இல்லாமல் வேறு எது?

எல்லாவற்றுக்கும் முதலில், அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?

பழைய விசில் (வவுனியா)

நான் நீண்டகாலம் மத்தியஸ்தம் செய்தவன். நீங்கள் மூவரும் திறமையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசுகிறீர்கள். பிறந்த ஆண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இளையோர் குழாத்தில் பாதித் தெரிவை அதுதான் செய்கிறது.

2022 போட்டிக்கு 2005 யனவரி முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். அடுத்தது 2024 இல் டொமினிக்கன் குடியரசில். அதற்கு 2007 யனவரி முதலாம் திகதி. இப்போது 2006 இல் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதற்போட்டியில் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மோதி இடம் பிடிக்க வேண்டும். அடுத்த போட்டி வரும்போது வயது கடந்துவிடும். தன் வயதுப் பிரிவில் மூத்தவளாக நின்று ஆடும் ஆண்டு அவளுக்கு வரவே வராது. சகோதரி குறிப்பிட்ட விக்கி லோபஸ் 2006 யூலையில் பிறந்தவர். அந்தக் குறையோடு வந்தும் தங்கப் பந்தை வாங்கினார் என்பதால்தான் அவரை நான் கைசெடோவுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன். கைசெடோ 2005 பெப்ரவரி. இந்தியப் பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். அவர்கள் நடத்த வேண்டியது 2020 இன் போட்டி. கொரோனாவால் தள்ளிப்போய்ப் பின்னர் அது கைவிடப்பட்டது. அதற்காகத் தயாராக்கப்பட்ட முதல் தொகுதிப் பிள்ளைகளில் மூத்தவர்கள் ஒரு பந்தும் தொடாமலே வயது கடந்தார்கள். 2022 இல் இறங்கியது வேறொரு குழாம். அந்த 16 கோல்களை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2025 இலிருந்து போட்டி ஆண்டுதோறும் மொரோக்கோவில் நடக்கிறது, அணிகளும் 24 ஆகியிருக்கின்றன. 2025 இல் கிண்ணம் மறுபடியும் வட கொரியாவுக்குத்தான் போனது. இறுதியில் நெதர்லாந்தின் வலைக்குள் மூன்று கோல். ஆனால் எனக்குப் பெரிய செய்தி அதுவல்ல. இனி ஒவ்வொரு ஆண்டில் பிறந்தவர்களுக்கும் ஒரு முறை வரும் என்பதுதான்.

எங்கள் மண்ணில் 2009 இல் பிறந்த பிள்ளைகள் எங்கே, எந்தக் கூடாரத்துக்குள் பிறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிறப்பைப் பிந்திப் பதிந்தவர்கள் பலர். ஒரு சுற்றுப்போட்டியில், பதிந்த திகதியையே பிறந்த திகதியாக வாசித்து, ஒரு பிள்ளையை வயது பொருந்தாது என்று வெளியே நிறுத்தினார்கள். தாய் கையில் தடுப்பூசி அட்டையோடு நின்றார். ஒருவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. நான் விசிலோடு நடுவில் நின்றேன், தீர்ப்பு என்னுடையதல்ல. ஆகவே தம்பி கனகராயன், யாரை இறக்குவது என்று யோசிக்கும் நேரத்தில் இருபத்தைந்து பிள்ளைகளின் பத்திரங்களையும் இன்றைக்கே எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

முத்தையன்கட்டு

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பாலியாறு அக்காவுக்கு ஒன்று மட்டும். முழங்காலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் தோல்வி பிள்ளைகளை வளர்க்கும் என்று யாராவது சொன்னால், யாருடைய தோல்வி என்று கேட்பேன். 2022 இறுதியாட்டம் 82 ஆவது நிமிடத்தில் ஒரு சொந்தக் கோலால், அதாவது தவறித் தன் அணியின் வலைக்குள்ளேயே போட்ட கோலால், தீர்மானமானது. அதைப் போட்டவர் கொலம்பியாவின் அனா மரியா குஸ்மான். ஒன்பது மாதம் கழித்து, 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் யமேய்க்காவுக்கு எதிராக கத்தலினா உஸ்மே போட்ட வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்தவரும் அதே குஸ்மான்தான். அவரைத் தெரிவாளர்கள் கைவிடவில்லை. எங்கள் ஊரில் சொந்தக் கோல் போட்ட பிள்ளைக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் இருக்குமா? நானும் ஒருமுறை போட்டேன். இருக்கவில்லை.

கனகராயன்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நேற்று மாலை பயிற்சி முடிந்த பிறகு, பாலியாறு அக்கா சொன்னபடி, அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டிலும் ஆடுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள். சொல்லும்போது இடது காலை நிலத்தில் முழுதாக ஊன்றாமல் நின்றாள். காலுறையை இறக்கிப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றி வீக்கம், அதற்கு மேல் சித்தாலேப என்ற நோவுத் தைலம் பூசிய மணம். பத்து நாளாக இருக்கிறதாம். சொன்னால் 20 வயதுப் பிரிவிலிருந்தும் எடுத்துவிடுவேன் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறாள். முதற்பிழை என்னுடையது, கண்டிருக்க வேண்டியவன் நான்.

16 இல் அவள் இல்லை. 20 இல் ஆடுவாளா என்பது மாங்குளம் வைத்தியசாலையில் காலைப் பார்த்த பிறகு தெரியும். 16 வயதுப் பிரிவில் முன்னால் நிற்கப்போவது இடது காலால் உதைக்கும் ஒரு மெலிந்த பிள்ளை. இதுவரை பின்களத்தில்தான் நின்றவள். போன மாதம் சொந்தக் கோல் ஒன்றும் போட்டவள். அதைக் கேட்டால் முத்தையன்கட்டுத் தங்கை சிரிப்பார்.

விசில் ஐயா சொன்ன பத்திரங்களை இரவு லாம்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டு பிள்ளைகளுடையதில் பதிந்த திகதி பிந்தியிருக்கிறது. நாளை காலை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன்.