“60 நாளில் தீர்ப்பு உறுதி” – இந்தப் போஸ்டரை எழுதியது யார்?

கறுப்புக்கோட்டு, காலை 7:40

நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளுக்கு ஒட்டப்போகிறார்களாம், நேற்றிலிருந்து எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரு போஸ்டர் சுற்றுகிறது. இளஞ்சிவப்புப் பின்னணி, கண்ணீர் விடும் ஒரு கண், அதன் கீழே இந்த வாசகம்: “அடிக்கிறாரா? பொறுக்காதே! பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடு. 60 நாளில் தீர்ப்பு உறுதி! உதவிக்கு 181.”

கண், கண்ணீர் எல்லாம் இருக்கட்டும். “60 நாளில் உறுதி” என்று எழுதியவர் எந்த நீதிமன்ற வாசலையாவது மிதித்திருக்கிறாரா? குடும்ப வன்முறைச் சட்டம், 2005, பிரிவு 12(5): முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) முயல வேண்டும். முயல வேண்டும், அவ்வளவுதான். “உறுதி” எங்கிருந்து முளைத்தது?

தேன்சிட்டு, காலை 8:05

போஸ்டர் எங்க குழு போட்டதுதான். ஒளிஞ்சுக்கல. 60-ங்கிற எண் சட்டத்துல இருக்கா இல்லையா சார்? இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நிமிஷம் நிக்கிற பொண்ணுக்கு உட்பிரிவு, விதிவிலக்கு, “முயல வேண்டும்” எல்லாம் எழுதினா பஸ் போயிடும்.

எழுத்தெண்ணி, காலை 8:11

போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் “குடும்ப வண்முறை” என்று இருக்கிறது. மூன்று சுழி. முதலில் அதைத் திருத்துங்கள்.

கறுப்புக்கோட்டு, காலை 8:30

பஸ் போனால் அடுத்த பஸ் வரும். பொய்யை நம்பி வந்தவள் 61-ஆம் நாள் திரும்பிப் போனால் மறுபடி வரமாட்டாள். கணக்கு சொல்கிறேன், கேளுங்கள்.

மனு நீதிமன்றத்துக்கு வந்ததிலிருந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 12(4). நோட்டீஸைச் சேர்க்க பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிப்பவர்) அதிகபட்சம் 2 நாள், 13(1). நடுவர் நியாயமான கூடுதல் அவகாசம் தரலாம் என்பதும் அதே வரியில் இருக்கிறது. வண்டி நிற்கும் இடம் இதுதான். மனுவில் தெருப்பெயர் இருக்கும், கதவு எண் இருக்காது. கணவருக்கு வேலை திருப்பூரில், நோட்டீஸ் போவது உசிலம்பட்டிக்கு. “வீடு பூட்டியிருந்தது” என்று திரும்பி வரும். 2006 விதிகளில் 12-ஆவது விதிப்படி கதவில் ஒட்டலாம். ஆனால் ஒட்டியதற்கான அறிக்கை வராததால் ஒரு வாய்தா. அப்புறம் வக்காலத்து, பதிலுரைக்கு வாய்தா, சொத்து-வருமானப் பிரமாணப் பத்திரத்துக்கு வாய்தா. ஜீவனாம்சம் கேட்டால் அந்தப் பத்திரத்தை இரு தரப்பும் தாக்கல் செய்தாக வேண்டும், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம்தான் சாட்சிகளிடம் முதன்மை விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம். இதில் 60 எங்கே வருகிறது?

தேன்சிட்டு, காலை 8:44

வாய்தா வாங்குறது யாரு சார்? கோட்டு போட்டவங்கதானே? 28(2) படிச்சுப் பாருங்க. 12-ஆம் பிரிவு மனுவுக்கு நடுவர் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கலாம். பிரமாணப் பத்திரத்தை வச்சே முடிக்க முடியும். இழுக்கிறது நீங்க, பழி எங்க போஸ்டருக்கா?

பனங்காட்டு நரி, காலை 9:02

60 நாளா? புருஷன்காரனை 60 நிமிஷத்துல உள்ள தள்ளிடுவாங்கன்னு எழுதுங்க, அதுதான் நிஜம். வருஷத்துக்கு ஒருநாள் ஆரஞ்சு ரிப்பன், மத்த நாள் பூரா 498ஏ.

வைகைக்கரை, காலை 9:20

நரி, ரெண்டு சட்டத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. 12-ஆம் பிரிவு மனுவுல கைதே கிடையாது, நோட்டீஸ் மட்டும்தான். இது உரிமையியல் (சிவில்) தன்மை உள்ள நடவடிக்கை, எதிர்மனுதாரரைக் குற்றவாளி மாதிரி நடத்தக்கூடாதுன்னு 2021 ஜனவரியிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிருச்சு. பாதுகாப்பு ஆணை வந்தப்புறமும் மீறினாத்தான் 31-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். நீங்க சொல்ற 498ஏ, அதாவது மனைவியைக் கொடுமைப்படுத்துறதுக்கான பழைய ஐபிசி குற்றப்பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து நடக்குற சம்பவத்துக்குப் புதுக் குற்றச் சட்டமான பிஎன்எஸ்ல 85. அதுலயும் கண்ணை மூடிட்டுக் கைது பண்ணக்கூடாதுன்னு 2014-லயே உச்ச நீதிமன்றத்தோட அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு.

போஸ்டர்ல எனக்கு உறுத்துறது வேற. “அடிக்கிறாரா?”ன்னு ஆரம்பிக்குதே, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வச்சுக்கிறது? சம்பளத்தை வாங்கிட்டு பஸ் காசுக்குக் கையேந்த வைக்கிறது? 3-ஆம் பிரிவுல உடல், பாலியல், சொல்-மனம், பொருளாதாரம்னு நாலும் இருக்கு. அடி வாங்காதவ இந்தப் போஸ்டரைப் பார்த்து “நமக்கில்ல”ன்னு போயிருவா.

கறுப்புக்கோட்டு, காலை 9:31

அது பிறகு. இப்போது பேச்சு 60.

தேன்சிட்டு, காலை 9:33

இதுல மட்டும் உடன்படுறேன். 60 பத்திப் பேசுவோம். சட்டத்துல இருக்கு.

பனங்காட்டு நரி, காலை 9:50

நாலு வருஷம் முன்னாடி நடந்ததைத் தோண்டி எடுத்து இப்ப கேஸ் போடுறாங்களே? ஒரு வருஷம் தாண்டினா செல்லாதுங்கிறது எனக்கும் தெரியும்.

வைகைக்கரை, காலை 9:58

தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. 2022 ஏப்ரல்ல காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன், நம்ம ஊர்லருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கு. 12-ஆம் பிரிவு மனுவுக்கு அந்த ஒரு வருஷக் கெடு பொருந்தாதுன்னு தீர்ப்பு.

கறுப்புக்கோட்டு, காலை 10:15

போஸ்டரின் அடுத்த கோளாறு “பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடு”. அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதுபோல் இருக்கிறது. நேராக நடுவர் நீதிமன்றத்தில் போடலாம். பாதுகாப்பு அலுவலரின் குடும்பச் சம்பவ அறிக்கை, அதாவது படிவம் 1, வந்தால்தான் உத்தரவு என்பதில்லை. 2022 மே, உச்ச நீதிமன்றத்தின் பிரபா தியாகி வழக்கு. 27-ஆம் பிரிவுப்படி மனு கொடுப்பவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றமே போதும். அம்மா வீடு தென்காசியில் என்றால் தென்காசி.

சரி, 60-க்கு வருகிறேன். அவளுக்கு வேண்டியது 60-ஆம் நாள் தீர்ப்பா, முதல் வார உத்தரவா? பிரிவு 23, இடைக்கால உத்தரவு. மனு படிவம் 2-இல். கூடவே படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம். அது இருந்தால், எதிர்த்தரப்பு வராமலே 23(2)-இன்கீழ் நடுவர் ஒருதலை உத்தரவு தரலாம். அந்தப் படிவம் 3-ஐ வைக்காமல் “இடைக்கால நிவாரணம் வேண்டும்” என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் “60 நாள் ஆச்சே!” என்று புலம்பல். பிரமாணப் பத்திரத்தில் “அடிக்கடி அடிப்பார்” என்பதும் போதாது. தேதி, நேரம், எந்த அறை, எதனால், யார் பார்த்தது, எல்லாம் வேண்டும். கடைசிச் சம்பவம் முதலில் வர வேண்டும். கேட்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும்: அடிக்காதே, வேலை இடத்துக்கு வராதே என்பது 18, வீட்டை விட்டு வெளியேற்றாதே என்பது 19, பணம் 20, குழந்தை 21. “தகுந்த பாதுகாப்பு வேண்டும்” என்றால் தகுந்ததுபோல் ஏதோ ஒன்று கிடைக்கும்.

இந்தப் போஸ்டரில் 23 இருக்கிறதா? இல்லை. 60 இருக்கிறது.

தேன்சிட்டு, காலை 10:29

பாதுகாப்பு அலுவலர்கிட்டப் போனா காசு இல்ல. உங்ககிட்ட வந்தா ஃபீஸ். ஏன் நேரா வரச் சொல்றீங்கன்னு இப்பப் புரியுது.

கறுப்புக்கோட்டு, காலை 10:34

வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. தொலைபேசி 15100. அதைப் போஸ்டரில் போட உங்களுக்கு இடம் இல்லை, கண்ணீருக்கு இடம் இருக்கிறது. போன மாதம் மகள் சொத்துரிமை விவாதத்திலும் இதே கதைதான். 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களை இந்து வாரிசுச் சட்டத்துக்கான நம் மாநிலத் திருத்தம் விட்டுவிட்டது என்றேன். “வக்கீல் குழப்புகிறார்” என்று முப்பது பேர் விருப்பக்குறி போட்டீர்கள்.

தேன்சிட்டு, காலை 10:40

மகளுக்கும் மகனைப் போலவே பங்குன்னு சொன்ன 2005 மத்தியத் திருத்தத்துக்கு அப்புறம் அந்த விலக்குக்கு என்ன வேலை? அப்பவும் பாதியைச் சொல்லிட்டுப் போனது நீங்கதான். அதுக்குத்தான் விருப்பக்குறி.

எழுத்தெண்ணி, காலை 10:43

“பொறுக்காதே” என்பதற்குப் பொறுக்கி எடுக்காதே என்றும் பொருள் வரும். “பொறுத்துப் போகாதே” என்று போடலாம்.

வைகைக்கரை, காலை 11:10

ரெண்டு பேரும் மூச்சு வாங்கும்போது நான் கொஞ்சம் சொல்லிக்கிறேன். கேஸ் கெட்டுப்போறது கோர்ட்டுல இல்ல, அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டுல. “எப்படிம்மா அடிபட்டுச்சு?”ன்னு கேக்கும்போது பக்கத்துல மாமியார் நிப்பாங்க. “பாத்ரூம்ல வழுக்கிருச்சு”ன்னு சொல்லிரும். விபத்துப் பதிவேட்டுல அப்படியே ஏறிரும். மூணு மாசம் கழிச்சுக் குறுக்கு விசாரணையில அந்தப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பியைத்தான் நீட்டுவாங்க. தனியாப் பேசணும்னு டாக்டர்கிட்ட கேட்கலாம். “தெரிந்த நபர் ஒருவர், இந்த இடத்தில், இந்த நேரத்தில், கையால் தாக்கியதாக”ன்னு வரணும். காயத்தோட நீள அகலம் சென்டிமீட்டர்ல, எந்தப் பக்கம், என்ன நிறம்னு வரணும். கன்றிப்போன இடம் முதல்ல சிவப்பு-நீலம், நாலஞ்சு நாள்ல பச்சையடிக்கும், அப்புறம் மஞ்சள். அதனால ஒரே நாள் படத்தோட நிறுத்தாம தினமும் எடுக்கணும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு.

மகளிர் ஸ்டேஷன்ல மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கினதுக்கான அத்தாட்சி, வாங்காம வரக்கூடாது. “பேசி அனுப்பிட்டோம்”ங்கிறது ரசீது ஆகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சுல போடக்கூடாது, மின்னணுச் சாட்சிக்குப் புதுச் சாட்சியச் சட்டத்தோட 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேப்பாங்க. 181-க்குக் கூப்பிட்டா அழைப்புப் பட்டியல்ல நம்பர் நிக்கும், ராத்திரி போனைச் சோதிக்கிற வீடுன்னா அழிச்சிரணும். ஆதார், பாஸ்புக், பிள்ளைங்க பிறப்புச் சான்று, நகை ரசீது, சீர்ப்பட்டியல், எல்லாத்துக்கும் நகல் நம்பிக்கையான இன்னொரு வீட்டுல இருக்கணும்.

பனங்காட்டு நரி, காலை 11:22

ஆதாரம் தயாரிப்பது எப்படின்னு வகுப்பே எடுக்குறீங்க. ஃபீஸ் எவ்வளவு?

வைகைக்கரை, காலை 11:25

நடந்ததைப் பதிய வைக்கிறதுக்குப் பேரு தயாரிப்பா? உங்க வண்டியை எவனாவது இடிச்சா நீங்க போட்டோ எடுக்க மாட்டீங்க, அப்படித்தானே?

கறுப்புக்கோட்டு, காலை 11:40

வைகைக்கரை சொன்னது சரியே, ஆனால் 60-க்குச் சம்பந்தமில்லை. உத்தரவு வந்த பிறகு என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 24-ஆம் பிரிவுப்படி நகல் இலவசம். தரப்பினருக்கு மட்டுமல்ல, அந்த எல்லைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் போக வேண்டும். போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. இரவு 11 மணிக்கு அவன் வந்து கதவைத் தட்டும்போது, “அப்படி ஒரு ஆர்டரே எங்களுக்கு வரலையேம்மா” என்பார் பாரா காவலர். பணம் தராமல் இழுத்தால் 20(6): சம்பளம் தரும் நிறுவனமே நேரடியாகச் செலுத்த உத்தரவு கேட்கலாம். அதற்கு நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, பணியாளர் எண் முதல் மனுவிலேயே இருந்தால் நல்லது. வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் படிவம் 2-இல் அதற்கென்று உள்ள இடத்தில் எழுத வேண்டும். மறைத்தால் எதிர்த்தரப்பு அதை வைத்தே நாலு வாய்தா ஓட்டும். இதெல்லாம் தெரியாமல் 60, 60 என்று…

தேன்சிட்டு, காலை 11:46

60, 60-ன்னு காலையிலேர்ந்து சொல்றது நீங்க. எண்ணிப் பாருங்க. போஸ்டர்ல ஒரே ஒரு தடவைதான் இருக்கு.

இன்னொண்ணு, சட்டம் 2006 அக்டோபர் 26-லேர்ந்து அமல்ல இருக்கு. நடுவர் “முயன்றாரா”ன்னு எத்தனை வக்கீல் 12(5)-ஐக் காட்டி மெமோ போட்டிருக்கீங்க? 60-ன்னு சுவத்துல எழுதினாத்தான் அவ வந்து “எங்க என் 60?”ன்னு கேப்பா. கேக்கட்டுமே.

கறுப்புக்கோட்டு, காலை 11:52

யாரிடம் கேட்பாள்? என்னிடம்தான் கேட்பாள்.

தேன்சிட்டு, காலை 11:53

அதான் விஷயம்!

எழுத்தெண்ணி, பகல் 12:05

சுழி என்ன ஆயிற்று?

தேன்சிட்டு, பகல் 12:31

சுழி திருத்தியாச்சு. “60 நாளில் தீர்ப்பு” அப்படியே இருக்கும். “உறுதி”க்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே “முதல் விசாரணை நாளிலிருந்து”ன்னு சேர்த்திருக்கோம். 15100-ம் போட்டாச்சு. சார் கேட்டதுக்காக இல்ல, இடம் இருந்துச்சு.

கறுப்புக்கோட்டு, பகல் 12:38

நட்சத்திரமா? ரியல் எஸ்டேட் விளம்பரமா இது? அந்த அடிவரி எத்தனை பாயிண்டில் இருக்கிறது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், “முதல்” மட்டும்தான் தெரிகிறது. “உறுதி” இன்னும் சிவப்பில், தடித்த எழுத்தில். 23 இன்னும் இல்லை.

வைகைக்கரை, பகல் 12:50

“அடிக்கிறாரா?” மட்டும் மாறவே இல்லையா?

பனங்காட்டு நரி, பகல் 12:52

நட்சத்திரம் நல்லா இருக்கு. கண்ணீருக்குப் பக்கத்துல மின்னுது.

தேன்சிட்டு, பகல் 1:10

2,000 பிரதி, அச்சகத்துக்குக் காலை 10 மணிக்கே போயிடுச்சு. நட்சத்திரம் அடுத்த பதிப்புல.

கறுப்புக்கோட்டு, பகல் 1:12

அப்படியானால் ஒட்டப்போவது பழைய 60. மூன்று சுழியோடு.