மகளின் போன் பற்றி கடலூர்ப் பெற்றோரிடம் ஓர் உதவி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பதால் என் பழைய போனை அவளிடம் கொடுத்திருந்தேன். போன வாரம் அவள் ஆடும் விளையாட்டின் சாட்டில் யாரோ ஒருவன் "எனக்கும் உன் வயசுதான்" என்று பேச ஆரம்பித்து, எந்தப் பள்ளி என்று விசாரித்து, கடைசியில் போட்டோ கேட்டிருக்கிறான். நல்லவேளை, அனுப்பாமல் என்னிடம் வந்து சொன்னாள். நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டாள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை பிளாக் செய்துவிட்டோம். குழந்தைகளுக்கான 1098, சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்கள் இரண்டும் தெரியும். ஆனால் போட்டோ கேட்டதோடு நின்ற விஷயத்துக்குப் புகார் கொடுத்தவர்கள் இங்கே யாராவது உண்டா? கடலூரில் நேரில் எங்கே போனீர்கள்? பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டியிருந்ததா? எனக்கு அதுதான் பெரிய கவலை.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டிருக்கிறேன். நேரக் கட்டுப்பாடு, புதுச் செயலிக்கு என் அனுமதி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் விளையாட்டுக்குள் நடக்கும் சாட் உரையாடலை அது காட்டாது. அதற்கு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம் பள்ளி விஷயம். வகுப்புக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது, பல பிள்ளைகள் சொந்த எண்ணிலேயே இருக்கிறார்கள். பெற்றோர் எண் மட்டும் போதும் என்று கேட்கப்போகிறேன். உங்கள் பள்ளியில் இப்படிக் கேட்டு மாற்றியிருந்தால், ஆசிரியரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது.