முயல் ஓயாமல் தும்முகிறது, வைக்கோல் தூசியா?

மன்னார்குடிக்காரன்: சம்பா அறுவடை மெஷின் பக்கத்து வயலில் ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் முயலுக்கு ஒரே தும்மல், மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீராகத்தான் வடிகிறது, தீனி நன்றாக எடுக்கிறது. கூண்டில் புது வைக்கோல் போடுகிறோம். அலர்ஜியா? நாம் சாப்பிடும் சளி மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமா?

திருவையாறு: மாத்திரை பக்கமே போகாதீர்கள். முன்னங்காலின் உட்புறத்தைப் பாருங்கள், முயல் மூக்கை அங்கேதான் துடைக்கும். முடி பசை போட்டதுபோல் திரிதிரியாக ஒட்டியிருந்து, சளியும் வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் அது பெரும்பாலும் பாஸ்டுரெல்லா மாதிரி கிருமி, தூசி இல்லை. வேறு முயல் இருந்தால் தனியே பிரித்துவிடுங்கள்.

கும்பகோணம் அக்கா: வைக்கோலை நிறுத்திவிட்டு கோணிச்சாக்கு விரித்துப் பாருங்கள் தம்பி. அப்புறம் குனிந்து கூண்டு மட்டத்தில் மோந்து பாருங்கள், நமக்கே மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அந்த அம்மோனியாவே போதும் மூக்கு புண்ணாக. கொசுவர்த்தி, சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம் (எங்கள் மாமியார் கேட்கமாட்டார், அது வேறு கதை).

திருவையாறு: ஒன்று விட்டுப்போச்சு. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் குடலில் நல்ல கிருமி செத்து உயிருக்கே ஆபத்து. முயல் மூக்கால்தான் மூச்சுவிடும், வாயைத் திறந்து இழுத்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே.

மன்னார்குடிக்காரன்: கால் முடி காய்ந்துதான் இருக்கிறது. வைக்கோலை எடுத்துவிட்டேன், தும்மல் நிற்காவிட்டால் ஒரத்தநாடு போகிறேன். நன்றி அக்கா, நன்றி சார்.