மறு: 'தேபாக்', 'ஹொல்' வகைச் சொற்களுக்குப் பொதுப்பெயர்: 'எதிர்க்கொட்டு'

அனைவருக்கும் வணக்கம். கொரிய இளைஞர்கள் பேச்சில் அடிக்கடி வரும் 'தேபாக்', 'ஹொல்' போன்ற சொற்களுக்குத் தமிழில் என்ன பொதுப்பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> இவை எல்லாமே வியப்பைக் காட்டுகின்றன. 'வியப்பிடைச்சொல்' என்ற பெயர் போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. இந்தச் சொற்களில் பல இடைச்சொல்லே அல்ல. 'தேபாக்' பெயர்ச்சொல், கடை ஓகோவென்று ஓடினாலும், படம் வசூலை அள்ளினாலும் 'தேபாக்'தான். 'மிச்சொத்தா' இறந்தகால வினைமுற்று. நேர்ப்பொருள் 'பைத்தியம் பிடித்துவிட்டது'. 'சேசாங்எ' என்பது 'உலகத்தில்' என்று வேற்றுமை உருபேற்ற பெயர். 'ஹொல்' ஒன்றுதான் வெறும் ஒலிக்குறிப்பு. 2021 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கொரிய மொழித் தொடர்புடைய 26 சொற்களைச் சேர்த்தபோது 'தேபாக்'கும் உள்ளே வந்தது. அங்கும் அதை ஒரே சொல்வகைக்குள் அடைக்கவில்லை.

ஆகவே இலக்கண வகையை விட்டுவிட்டு, இவை பேச்சில் செய்யும் வேலையைப் பார்ப்போம். இரண்டு தோழிகள் பேசிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

– கைப்பேசியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.
– ஹொல்…
– ஓட்டுநரே தேடிவந்து கொடுத்துவிட்டார்.
– சின்ச்சா? (நிஜமாவா?)
– பணம் கொடுத்தேன், வாங்கவே இல்லை.
– தேபாக்!

இரண்டாமவள் செய்தி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் முதலாமவள் தன் இரண்டாம் வரியோடு நிறுத்தியிருப்பாள். இப்படி இடையிடையே ஈடுகொடுப்பதற்குக் கொரிய மொழியில் 'மச்சாங்கு' என்று பெயர். சாங்கு என்பது உடுக்கைபோல் இடை சிறுத்த, ஆனால் அளவில் பெரிய தோற்கருவி. இருவர் எதிரெதிரே நின்று அதை முழக்குவதே மச்சாங்கு. பேச்சுக்கு ஈடுகொடுப்பதை 'மச்சாங்கு அடிப்பது' என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். தமிழிலும் 'உம்' என்பதைக் *கொட்டுகிறோம்*, மேளத்தையும் கொட்டுகிறோம். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. என் முன்மொழிவு: எதிர்க்கொட்டு.

> தொல்காப்பியத்தின் 'மருட்கை'யை எடுத்துக்கொள்ளலாமே?

எனக்கும் ஆசைதான், அம்மா. மருட்கை என்றால் வியப்பு, மெய்ப்பாடு எனப்படும் எண்வகை உணர்ச்சிகளில் ஒன்று. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று அது பிறக்கும் இடங்களையும் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. ஆனால் மருட்கை மனத்தின் நிலை. நாம் பெயர் தேடுவது வாயின் செயலுக்கு. தவிர, இன்று 'மருள்' என்றால் மயக்கமும் சாமியாட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன.

உள்வகைகளையும் பிரித்துவிடலாம். 'தேபாக்' வியப்புக்கொட்டு. 'ஹொல்' பெரும்பாலும் திகைப்புக்கொட்டு. ஐஸ்கிரீம் தரையில் விழுந்தாலும் அதையே சொல்வார்கள், அதில் பாராட்டு எங்கே இருக்கிறது? குரலை உயர்த்திக் கேட்கும் 'சின்ச்சா?' வினாக்கொட்டு. இந்தச் சொற்களை நாம் அகராதியில் சேர்க்கும்போது மரியாதைக் குறிப்பும் கட்டாயம் வேண்டும். மூத்தவர் பேசும்போது 'ஹொல்' என்றால் முகம் சுளிப்பார். அங்கே பணிவைக் காட்டும் 'யோ' சேர்த்து 'சொங்மல்யோ?' என்று கேட்பதே முறை. வசனவரி எழுதுபவர்கள் 'சின்ச்சா?', 'சொங்மல்யோ?' இரண்டுக்கும் 'அப்படியா!' என்று போட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒன்றுக்கு 'நிஜமாவா', மற்றதற்கு 'உண்மையாகவா, ஐயா' என்றாவது வேறுபடுத்தலாம்.

எழுத்தில் வரும் எதிர்க்கொட்டு இன்னும் அழகு. குறுஞ்செய்தியில் 'த்' ஒலிக்குரிய எழுத்தை மட்டும் இரண்டு முறை தட்டுவார்கள். அது 'தொல்தொல்' என்ற நடுக்கக் குறிப்பின் சுருக்கம். நம் இரட்டைக்கிளவியே இது: 'வெடவெட' என்பதை 'வெவெ' என்று சுருக்கியதுபோல.

ஒரு இடத்தில் முதலில் எழுதிய ஐயாவின் பக்கம் நிற்கிறேன். சமையலறையில் தனியாக இருக்கும்போது காலருகே எலி ஓடினால் கொரியப் பெண் 'ஒம்மாயா!' என்று கத்துவாள். 'ஒம்மா' என்றால் அம்மா, நம் 'அம்மாடி!'யேதான். எதிரே யாரும் பேசவில்லை, ஈடுகொடுக்கவும் ஆளில்லை. அது எதிர்க்கொட்டு ஆகாது. அதற்கு 'வியப்பிடைச்சொல்' அப்படியே இருக்கட்டும்.