கலிபோர்னியாவில் மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எதற்கு?

நெடுவழி: மகனுக்கு 14 வயது. பள்ளிக்குப் போக, நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர் கேட்கிறான். கலிபோர்னியாவில் கார் லைசென்ஸோ பழகுநர் பெர்மிட்டோ இல்லாமல் ஓட்டக்கூடாதாம். பெர்மிட்டே பதினைந்தரை வயதில்தான் கிடைக்கும். ஃபுளோரிடாவில் லைசென்ஸே கேட்பதில்லை, சைக்கிள் மாதிரிதான் என்கிறான் தம்பி. ஒரே நாட்டில் ஏன் இப்படி?

மழைக்காகம்: லைசென்ஸை விடுங்கள், ஹெல்மெட்டைப் பேசுவோம். இங்கே உச்ச வேகம் மணிக்கு 15 மைல், அதாவது நொடிக்கு 22 அடி. சக்கரமோ சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இருக்காது. சைக்கிள் ஏறி இறங்கிவிடும் பள்ளத்தில் இது அப்படியே நின்றுவிடும், நாம் கைப்பிடியைத் தாண்டிப் போய் விழுவோம். போன வருடம் குழாய்க்குத் தோண்டி மூடிய இடத்தில், இரண்டு விரல் ஆழப் பள்ளத்தில் விழுந்தேன். ஹெல்மெட்டின் நெற்றிப்பக்கம் குறுக்கே விரிசல். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 2019 ஜனவரியிலிருந்து 18 வயது ஆனவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்று மாற்றினார்களே, அதுதான் பெரிய தப்பு. பக்கத்து ஓரிகனில் 16 வயது ஆகியிருக்க வேண்டும், எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும், லைசென்ஸ் வேண்டாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஆற்றங்கரையான்: ஹெல்மெட் சரி, நானும் போடாமல் ஏறுவதில்லை. ஆனால் எங்கே ஓட்டுவது, அதைச் சொல்லுங்கள். நடைபாதையில் கூடாது. வேக வரம்பு 25 மைலுக்கு மேல் உள்ள சாலை என்றால் சைக்கிள் பாதை இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் நிர்வாகம் 35 மைல் சாலை வரை அனுமதித்திருக்க வேண்டும். என் வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே அரை மைல் தூரத்துக்கு வேக வரம்பு 40 மைல் உள்ள சாலை, சைக்கிள் பாதை கிடையாது. அங்கே சைக்கிளில் போகலாம், ஸ்கூட்டரில் போனால் குற்றம். தினமும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறேன்.

மழைக்காகம்: 40 மைலில் கார் பறக்கும் இடத்தில் ஓட்ட விடச் சொல்கிறீர்களா?

ஆற்றங்கரையான்: இல்லை சகோ. அந்த மாதிரி இடத்தில் மட்டும் நடைபாதையில், நடக்கிற வேகத்தில் விடலாம் என்கிறேன்.

மழைக்காகம்: அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சத்தமே வராத வண்டி. பார்வையில்லாதவருக்கு, காது மந்தமான பெரியவருக்கு அது பின்னால் வருவது தெரியாது. நடக்கிற வேகத்தில்தான் போகிறார்களா என்று யார் நின்று பார்ப்பது?

ஆற்றங்கரையான்: அப்படியே போனால் பென்சில்வேனியா நிலைமைதான். அங்கே இது மோட்டார் வாகனம் என்கிறார்கள், ஆனால் பதிவு செய்ய வழியில்லை. அதனால் பொதுச் சாலையிலும் கூடாது, நடைபாதையிலும் கூடாது. வாங்கியவர் சொந்த இடத்தில் மட்டும் ஓட்டலாம். பாதை கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் மக்கள் திரும்பக் காரில்தான் ஏறுவார்கள்.

நெடுவழி: இரண்டு பேருக்கும் நன்றி. பள்ளி வழியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரிடத்தில் 35 மைல் சாலை, சைக்கிள் பாதைக்கான கோடே இல்லை. இப்போதைக்கு மகனுக்குச் சைக்கிளும் ஹெல்மெட்டும் வாங்குகிறேன்.

ஆற்றங்கரையான்: நல்லது. அப்புறம், அந்தச் சாலைக்குச் சைக்கிள் பாதை கேட்டு உங்கள் நகர மன்றத்துக்கு எழுதுங்கள். நான் எங்கள் ஊரில் இரண்டு முறை எழுதிவிட்டேன், மூன்றாவதும் எழுதுவேன்.