‘அப்சொல்யூட்’ குறிப்பாயம்: ‘புலஞ்சார்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மனிதர்கள் தம்மைச் சுற்றியுள்ள இடத்தை எப்படிச் சொல்லில் பிடிக்கிறார்கள் என்று ஆராய்பவர்கள், ஒரு பொருள் இருக்கும் இடத்தைச் சொல்ல நாம் அடிப்படையாகக் கொள்வதை ‘ஃப்ரேம் ஆஃப் ரெஃபரன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில், இயற்பியல் பாடநூலில் பழகிய ‘குறிப்பாயம்’ போதும் என்றே பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அது சரி. சிக்கல் அதன் மூன்று வகைகளுக்குப் பெயர் வைப்பதில் இருக்கிறது. இழையில் வந்த ஒரு பரிந்துரை இது:

> ரிலேட்டிவ்: சார்புக் குறிப்பாயம். இன்ட்ரின்சிக்: உள்ளார்ந்த குறிப்பாயம். அப்சொல்யூட்: தனிக் குறிப்பாயம்.

இதை ஏற்க மனம் வரவில்லை. மூன்றுமே ஏதோ ஒன்றைச் சார்ந்துதான் இடத்தைக் காட்டுகின்றன; எதைச் சார்ந்து என்பதில்தான் வேறுபாடு. ‘பந்து மரத்துக்கு இடப்பக்கம்’ என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ‘பந்து நாற்காலிக்கு முன்னால்’ என்னும்போது நாற்காலிக்கே முன்பின் உண்டு. ‘பந்து மரத்துக்குக் கிழக்கே’ என்பதற்கு இந்த இரண்டும் தேவையில்லை.

இவற்றைப் பிரித்தறிய மொழியியலாளர் ஸ்டீவன் லெவின்சன் அருமையான ஒரு வழி சொல்கிறார்: எதைச் சுழற்றினால் வாக்கியம் பொய்யாகிறது என்று பார்ப்பது. பார்ப்பவர் மறுபக்கம் போய்விட்டால் முதல் வாக்கியம் பொய். நாற்காலியைத் திருப்பினால் இரண்டாவது பொய். மூன்றாவதை இவை அசைக்காது. பந்தையும் மரத்தையும் சேர்த்து ஒன்றாகச் சுழற்றினால்தான் அது பொய்யாகும். பெயரும் இந்தப் பிடிமானத்தையே சொல்லட்டும். முதலிரண்டும் ‘பார்வைசார்’, ‘பொருள்சார்’.

முதல் வகைக்கு ‘ஆள்சார்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. ஆனால் ‘பந்து எனக்கு இடப்பக்கம்’ என்பதிலும் ஆள் இருக்கிறாரே! லெவின்சன் கணக்கில் அது இரண்டாம் வகை. நாற்காலிக்கு முன்பின் இருப்பதுபோல என் உடம்புக்கு இடவலம் இருக்கிறது, அவ்வளவுதான். பார்வைசார் வகைக்குப் பந்து, மரம், பார்ப்பவர் என மூன்றும் வேண்டும்.

அடுத்து மூன்றாவது. ‘திசைசார்’ என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு இமிதிர் மொழிக்கு அது நன்றாகவே பொருந்தும். பக்கத்தில் கிடக்கும் சிறு பொருளைக்கூட அவர்கள் வடக்கே, தெற்கே என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெக்சிகோவின் டெனஹாபா பகுதியில் செல்தால் என்ற மாயன் மொழி பேசுவோர் ‘மேட்டுப்பக்கம்’, ‘சரிவுப்பக்கம்’ என்கிறார்கள்; அங்கே மேட்டுப்பக்கம் ஏறக்குறைய தெற்கு. பாலித் தீவில் மலைப்பக்கம், கடற்பக்கம். தீவின் தென்பகுதியில் மலைப்பக்கம் வடக்கு. வடபகுதியில் அதுவே தெற்கு. இவற்றைத் ‘திசை’ என்ற சொல்லுக்குள் திணிக்க முடியாது. ‘நிலஞ்சார்’ என்றால் சரிவும் மலையும் அடங்கும், ஆனால் கடலும் கதிரவன் எழும் பக்கமும் வெளியே நிற்கும்.

அதனால் ‘புலஞ்சார்’ என்று முன்வைக்கிறேன். வடபுலம், தென்புலம் என்னும்போது புலம் திசையையும் அந்தத் திசையில் விரியும் நிலத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. நமக்கு வேண்டிய அகலம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. மின்புலம், காந்தப்புலத்தோடு குழம்பும் என்பீர்கள். குறிப்பாயம் என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்தே வருவதால் குழப்பம் வராது என்பது என் நம்பிக்கை.

இழையில் வந்த ‘மனக் குறிப்பாயம்’ என்ற யோசனை வேண்டவே வேண்டாம்; பேச்சில் உள்ள வேறுபாடு மனத்திலும் உண்டு என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். மேசையில் வரிசையாகப் பொம்மைகளைக் காட்டி, ஆளை 180 பாகை திருப்பி, அதே வரிசையை வேறொரு மேசையில் அடுக்கச் சொல்லும் சோதனைகளில் டச்சு பேசுவோர் இடவலத்தையும், செல்தால் பேசுவோர் மேட்டுப்பக்கம், சரிவுப்பக்கம் என்ற வெளித்திசையையும் மாறாமல் காத்தார்கள். மொழிதான் காரணம் என்றது லெவின்சன் குழு. சோதனை நடந்த சூழலும் காரணமாகலாம் என்று 2002இல் உளவியலாளர்கள் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் மறுத்தார்கள். அப்படி வழக்கு நடக்கும் இடத்தில் கலைச்சொல் ஒரு பக்கம் சாயக்கூடாது.

அதே காரணத்துக்காக, ‘இன்ன மொழி புலஞ்சார் மொழி’ என்று முத்திரை குத்துவதையும் தவிர்க்கலாம். 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ் பேசுவோரிடமே ஆய்வு செய்தார். ஊரகத்தார் திசைச்சொற்களையும் நகரத்தார் இடவலச் சொற்களையும் விரும்பிப் பயன்படுத்தினார்கள். மொழி ஒன்று, வழக்கம் இரண்டு.

ஆக, நம் கலைச்சொல் பட்டியலுக்கு: பார்வைசார், பொருள்சார், புலஞ்சார் குறிப்பாயங்கள். ‘புலஞ்சார்’ என்பதைப் ‘புலம்சார்’ என்று பிரித்தெழுதலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். மாணவர்கள் படிக்க எளிது எது என்பதும் எனக்கு முக்கியம்.