செக்ஷன் 8 கட்டடத்துக்கு மொத்தமாக வைஃபை: கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

கோமதி_மகள்:

வணக்கம். அமெரிக்காவில் அப்பா அம்மா செக்ஷன் 8 (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு வாடகை மானியம் தரும் திட்டம்) சீனியர் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு. அவர்களிடமும் கேபிள் வேலை தெரிந்தவர்களிடமும்தான் கேட்கிறேன்.

அம்மா இருக்கும் கட்டடம் எழுபதுகளில் கட்டியது. எட்டு மாடி, எல்லாம் ஒற்றைப் படுக்கையறை. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, மீதி அரசு மானியம். முன்பு ஏ.சி.பி. என்ற அரசின் இன்டர்நெட் மானியத் திட்டத்தில் மாதம் 30 டாலர் கழித்துக்கொண்டதால் இன்டர்நெட்டுக்கு அம்மா கையிலிருந்து எதுவும் போகவில்லை. 2024 ஜூனில் அது நின்றதிலிருந்து நான் கட்டுகிறேன். அம்மாவுக்கு நான் இருக்கிறேன், சரி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கனெக்ஷனையே எடுத்துவிட்டார். டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டுமென்றால் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார். அம்மா டீ போட்டுக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு, ராத்திரி எனக்கு போனில் ஒப்பிக்கிறாள். அம்மாவுக்கு நல்லாத்தான் பொழுது போகிறது. அந்தப் பெரியம்மாவுக்கு எப்படி இருக்கும்?

இப்போது நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒரே கம்பெனியோடு மொத்த ஒப்பந்தம், எல்லா வீட்டுக்கும் வைஃபை, "குடியிருப்போருக்கு இலவசம்". அடுத்த வாரம் கூட்டம். கேள்வி கேட்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள், ஏனென்றால் "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா" என்று அம்மா மாடி மாடியாகச் சொல்லிவைத்திருக்கிறாள். நான் பார்ப்பது கணக்கு வேலை. எதைக் கேட்பது?

சும்மா_வந்தவன்:

ஓசியில் தருகிறேன் என்கிறான், வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் என்ன கேள்வி? வயசானவங்களுக்கு போன் டேட்டாவே தாராளம்.

பழைய_லைன்மேன்:

தம்பி, வருஷா வருஷம் வருமானச் சான்று புதுப்பிக்கும் தாள்களை ஸ்கேன் பண்ணி போனிலிருந்து ஏற்றிப் பாருங்கள், அதற்கப்புறம் பேசலாம்.

அம்மணி, நான் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு லைன் இழுத்தே வயசானவன். இந்த மாதிரி மானியக் கட்டடங்கள் நிறைய பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் "ஸ்பீடு எவ்வளவு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் "ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் விடும் பெட்டி, எங்கே மாட்டப்போகிறீர்கள், வீட்டுக்குள்ளேயா, வராந்தாவிலா?" என்று கேளுங்கள். வராந்தா என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து சீனியர் கட்டடங்களில் வீட்டு அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். வாசலை ஒட்டி பாத்ரூமும் சமையலறையும், ஜன்னல் பக்கம் கட்டில். வராந்தாவிலிருந்து வரும் சிக்னல் தீத்தடுப்புக் கதவு, டைல்ஸ், தண்ணீர்க் குழாய், பாத்ரூம் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தாண்டித்தான் கட்டிலுக்கு வர வேண்டும். நிர்வாகத்தின் ஆள் வாசலில் நின்று ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டுவான், பிரமாதமாக இருக்கும். அவனைக் கட்டில் பக்கம் போய் எடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் வராந்தாவில் மாட்டுகிறார்கள் என்றால், செலவு. எழுபதுகளில் கட்டியது என்கிறீர்கள். சுவரிலும் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், 1978க்கு முந்தைய கட்டடமானால் ஈயம் கலந்த பெயின்ட்டும் இருக்கலாம். ஒரு துளை போடக்கூட சோதனை, பாதுகாப்பு, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் என்று செலவு ஏறிவிடும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. கேபிள் டிவிக்காகப் போட்ட கோக்ஸ் வயர் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். மோகா, ஜி.ஹெச்.என் என்று அந்தப் பழைய வயரிலேயே டேட்டா அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. ஃபைபரைக் கீழே டெலிகாம் அறை வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து பழைய கோக்ஸில் வீட்டுக்குள் விட்டால் சுவரைத் தொடவே வேண்டாம். "ஏற்கெனவே இருக்கும் கோக்ஸைச் சோதித்தீர்களா?" என்று கேட்டீர்களானால் உங்கள் அம்மா சொன்னதை அவர்கள் நம்பிவிடுவார்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. கட்டடம் முழுக்க ஒரே பாஸ்வேர்டு என்றால் வேண்டாம். நாலாம் மாடியில் ஒருவர் போடும் பாட்டு ஆறாம் மாடி டிவியில் ஓடும், அதைவிட மோசமானதும் நடக்கும். ஒரே பெயரில் வைஃபை இருந்தாலும் வீட்டுக்கு வீடு தனி பாஸ்வேர்டு கொடுத்து, ஒரு வீட்டுக் கருவியை இன்னொரு வீட்டுக்குத் தெரியாதபடி பிரித்துவைக்க முடியும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பீடு விஷயம்: எஃப்.சி.சி., அதாவது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், 2024 மார்ச்சில் பிராட்பேண்டுக்கு இறக்கம் (டவுன்லோடு) 100, ஏற்றம் (அப்லோடு) 20 மெகாபிட் என்று அளவுகோல் வைத்தது. வீட்டுக்குத் தருவது அதில் எவ்வளவு, சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள், போதும்.

இனி "இலவசம்". யார் கட்டுகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு? ஏ.சி.பி.யில் 2.3 கோடி வீடுகளுக்கு மேல் இருந்தன. நாடாளுமன்றம் மேற்கொண்டு பணம் ஒதுக்கவில்லை, நின்றுபோனது. வீட்டுவசதித் துறை, அதாவது ஹட், 2016 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது: அதன் பணத்தில் புதிதாகக் கட்டும் அல்லது பெரிய அளவில் புதுப்பிக்கும் வாடகைக் குடியிருப்புகளில் பிராட்பேண்டுக்கான வயரிங் இருக்க வேண்டும். வயரிங் மட்டும்தான், மாதக் கட்டணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. நியூயார்க்கில் 2022ல் தொடங்கிய பிக் ஆப்பிள் கனெக்ட் திட்டம் வேறு மாதிரி. அங்கே பொதுக் குடியிருப்புகளில் கேபிள் கம்பெனிகளின் வயர் ஏற்கெனவே இருந்தது. மாத பில்லை நகராட்சி ஏற்றுக்கொண்டது. வேலையும் மளமளவென்று நடந்தது. என்னைக் கேட்டால் இவ்வளவு வருஷமும் வயருக்குத்தான் கூட்டம் போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். பில்லுக்கு ஆள் இல்லை. கிராண்ட் பணத்தில் போடுகிறோம் என்று சொன்னால், கிராண்ட் தீர்ந்த மறுமாதம் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூணாம்_மாடி:

என் மாமியார் வீட்டுக்காக இதையெல்லாம் தோண்டியிருக்கிறேன், லைன்மேன் ஐயா விட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

வேறு கம்பெனி உள்ளே வரக்கூடாது என்று போன், கேபிள் கம்பெனிகள் ஒப்பந்தம் போட முடியாது. அடுக்குமாடிகளில் அப்படித் தனியுரிமை கொடுப்பதை எஃப்.சி.சி. 2008லேயே தடுத்துவிட்டது. 2022ல் கட்டட உரிமையாளருக்குக் கம்பெனி வருமானத்தில் பங்கு கொடுக்கும் சில ஏற்பாடுகளையும் தடை செய்தது. மொத்தமாக வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுப்பது மட்டும் சட்டப்படி சரிதான். உங்கள் அம்மா இப்போதுள்ள லைனை வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு இடம் உண்டா என்று கேளுங்கள்.

இலவசம் என்று சொல்லிவிட்டு "டெக்னாலஜி ஃபீ" என்று தனியாக ஒன்று பின்னால் வருமா, அதற்கு ஹட் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். வாடகைக் கணக்கில் மின்சாரம், கேஸுக்குக் கழிவு கொடுப்பார்கள், இன்டர்நெட்டுக்குக் கிடையாது.

அந்தப் பெரியம்மாவுக்கு இன்றைக்கே லைஃப்லைன் என்ற அரசுச் சலுகைத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இன்டர்நெட்டுக்கு மாதம் 9.25 டாலர் வரை கழிவு. செக்ஷன் 8 வீட்டில் இருப்பதே தகுதி. ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான், போனுக்கோ இன்டர்நெட்டுக்கோ எடுத்துக்கொள்ளலாம், வெறும் போனுக்கு என்றால் கழிவு குறைவு. எல்லாக் கம்பெனியும் இதில் இல்லை, கேட்டுக்கொண்டு போங்கள்.

கோமதி_மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லைஃப்லைன் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை பெரியம்மாவோடு உட்கார்ந்து போடப்போகிறேன்.

லைன்மேன் ஐயா, நீங்கள் சொன்ன பிறகு அம்மாவைத் தேடச் சொன்னேன். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கோக்ஸ் பாயின்ட் இருக்கிறதாம். பெயின்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே நாலைந்து கோட் அடித்திருக்கிறார்கள், திருகவே முடியவில்லை. போச்சா?

பழைய_லைன்மேன்:

ஒன்றும் போகவில்லை. முனையை வெட்டி புதுக் கனெக்டர் போட்டுவிடலாம், சின்ன வேலை. அம்மாவைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஈயப் பெயின்ட்டாக இருந்தால் அந்தத் தூள் உடம்புக்கு ஆகாது. பாயின்ட்டுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கருவிக்குக் கரண்ட் வேண்டும். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் வயர் ஓட்டிவிட்டுப் போவார்கள், ராத்திரி எழுந்திருக்கும்போது கால் தடுக்கும். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.